உன் வண்டிக்குக் கியர் ஆயில் மாற்றினோம்

எப்போது கூப்பிட்டாலும் "சொல்லு மச்சான்" என்றே போனை எடுத்த என் மாப்ள ஜாகிருக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தவரை தேவைப்படவில்லை. போன் இருந்தது. அதிலும் முழுதாகப் பேசவிட மாட்டாய். "நேர்ல வா, டீ குடிச்சுக்கிட்டே பேசுவோம்" என்று வைத்துவிடுவாய்.

நேரில் வர வழியில்லை. எழுதுகிறேன்.

செய்தி ஒன்றுதான். உன் வேனுக்குக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றினோம்.

இதற்கா ஒரு கடிதம் என்று நீ சிரிப்பது கேட்கிறது. எம்.ஏ. படித்தவன், நாலு வரிக் கவிதையை நாற்பது நாள் திருத்துகிறவன், ஆயில் மாற்றியதை எழுதுகிறான் என்று. கொஞ்சம் பொறு. சொல்கிறேன்.

நீ போன பிறகு வேன் சந்திலேயே நின்றது. பள்ளிவாசலுக்குப் பின்னால், நீ கடைசியாக நிறுத்திய அதே இடத்தில். உன் அத்தா அதன்மேல் ஒரு நீலத் தார்ப்பாயைப் போட்டுக் கட்டினார். வெயிலுக்கு என்றார். அந்தச் சந்துக்குள் வெயில் வராது. உனக்குத் தெரியும்.

யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

ரஹ்மத் மாடியில் இருந்தாள். கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தா காலம். ஜன்னலைத் திறந்தால் தார்ப்பாய்தான் தெரியும். அவள் ஜன்னலை மூடவில்லை என்று உன் மகள் ஆயிஷா சொன்னாள்.

இத்தா முடிந்த அன்று, அவள் முதலில் தன் அம்மா வீட்டுக்குப் போவாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவள் படியிறங்கி வந்து தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

பிறகு எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, வண்டி ஓட்டக் கத்துக்கணும். நல்ல எடமா ஒண்ணு சொல்லுங்க."

"நானே சொல்லித் தாரேன்மா."

"வேணாம்ணே. நீங்க சொல்லிக் குடுத்தா எனக்கு வண்டி ஓட்ட வராது. கட்டுரைதான் எழுத வரும்."

உன் மனைவி மாப்ள. உன்னோடு இருந்து கெட்டுப்போனவள்.

காளவாசலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அங்கே அவளோடு படித்ததெல்லாம் கல்லூரிப் பெண்கள். அவர்களுக்கு முன்னால் அவள் லைசன்ஸ் வாங்கினாள். அட்டையைக் கொண்டுவந்து உன் அத்தாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"போட்டோ நல்லா விழுந்திருக்கு," என்றார்.

அவர் ஏற்கெனவே ஒருவரிடம் பேசிவிட்டார். திருமங்கலத்தில் காய்கறி வியாபாரம் செய்கிறவர். பொங்கல் கழிந்ததும் வந்து வேனை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. உன் அத்தா கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. அது உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். கைலிக் கடையில் நின்று நின்று கால் வீங்கிய மனுசன். மகனை அடக்கம் செய்துவிட்டு வந்தவர். தன் வாசலிலிருந்து தினமும் அந்த வண்டியை இன்னொருவர் எடுத்துப் போவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"ஓட்டுறது வேற. பொழைக்கிறது வேறம்மா," என்றார். "செல்லூர்ச் சந்தெல்லாம் நீ பாத்ததில்ல. எதுக்க ஒரு வண்டி வந்தா மூச்சு விட எடம் இருக்காது."

"பாத்துருக்கேன் மாமா. அவுங்ககூட எத்தன தரம் போயிருக்கேன்."

அவர் யோசித்தார். அப்புறம் ஒரு பேச்சுக்கு வந்தார். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், காலையில், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ரஹ்மத் செல்லூர் போய்ச் சரக்கேற்றித் திரும்பிவிட வேண்டும். வந்துவிட்டால் திருமங்கலத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். வராவிட்டால் வண்டி போகட்டும்.

அவள் கேட்டது உன் வேலையைத்தான் மாப்ள. தறிகளிலிருந்து துண்டு பண்டல்களை ஏற்றிக்கொண்டு போய் லாரி ஆபீசில் சேர்க்கும் வேலை. உன் தறிக்காரர்களுக்கு அவளே போன் செய்தாள். ஒருவர் சொன்னாராம், "வண்டி அதே வண்டிதானம்மா. வரட்டும்."

எல்லாம் கூடி வந்தது. கியர் மட்டும் விழவில்லை.

இரண்டாவது கியர்.

செல்லூரில் மூன்றாவது கியருக்கு வேலையே இல்லை. அது உன் வாயால் கேட்டது. ஒன்றில் எடுப்பது, இரண்டில் ஊர்வது, நிற்பது. மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. இரண்டாவது விழாதவனுக்குச் செல்லூர் இல்லை.

காலையில் அவள் வண்டியை எடுப்பாள். முதல் கியர் விழும். இரண்டுக்குத் தள்ளினால் கரகரவென்று ஒரு சத்தம். பல்லைப் பல்லோடு உரசினாற்போல. சந்து முழுக்கக் கேட்கும். வண்டி திணறி நிற்கும்.

சந்து முனை டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களைத் தெரியுமே உனக்கு. அவர்களில் ஒருவர் கேட்டார்,

"என்ன தங்கச்சி, காலையிலயே மிக்ஸியில எதயோ போட்டு அரைக்கிற?"

"உங்க வாயத்தாண்ணே. இன்னும் மசியல," என்றாள் ரஹ்மத், கண்ணாடியை இறக்கி.

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குள் வந்ததும் இடது கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கியர்க் கம்பியின் குமிழ் பதிந்து சிவந்திருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்கும்.

நான் அவளுக்குச் சொன்ன புத்திமதிகளை இங்கே எழுத மாட்டேன். கிளட்சை முழுசாக மிதி. அவசரப்படாதே. தைரியமாகத் தள்ளு. மெதுவாகத் தள்ளு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன் என்று அவள் பிறகு சொன்னாள்.

நானும் ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் அரைத்தது.

"செருப்பு வழுக்குதும்மா," என்றேன்.

அவள் என் செருப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. ஒரு மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. குரலில் ஏதோ இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். காலையில எனக்கு ஓட்டத் தெரியல. மத்தியானம் தெரியுது. நேத்தும் அப்படித்தான். முந்தாநேத்தும் அப்படித்தான். மத்தியானத்துக்குள்ள நான் என்னத்தக் கத்துக்கிட்டேன்?"

எனக்குப் புரியவில்லை.

"காளவாசல் கார்ல ரெண்டாவது கியர் வாழப்பழத்துல ஊசி ஏத்துனாப்புல போகும். காலையிலயும் போகும், மத்தியானமும் போகும். அது என் கைதான? இதுவும் என் கைதான? இது என் கையில இல்லண்ணே. வண்டிக்குள்ள எதோ காலையில ஒண்ணா இருக்கு, சூடானப்புறம் வேற ஒண்ணா இருக்கு."

தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்து போவதை நான் பார்த்ததே இல்லையா? எத்தனை காலை பாட்டிலை வெயிலில் வைத்திருக்கிறேன். வண்டி ஆயிலும் அப்படித்தான் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அவளுக்கு எட்டியது.

அன்று சாயங்காலம் முழுக்க நீ வண்டி ஓட்டுவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

நீ ஒன்றிலிருந்து இரண்டுக்கு நேராகப் போக மாட்டாய். நடுவில் நிறுத்துவாய். கியர்க் கம்பி எதிலும் இல்லாமல் ஒரு நொடி தொங்கும். கிளட்சை விட்டு, மறுபடி மிதித்து, அப்புறம்தான் இரண்டு. அந்த ஒரு நொடியில் ஏதாவது சொல்லுவாய். "பாத்தியா மச்சான்." "அப்புறம்." "அது கெடக்கட்டும்." பேச்சுக்கு நடுவில் நீ விடும் இடைவெளி அது என்றுதான் நினைத்திருந்தேன். உன் சுபாவம் என்று. அதை நான் ரசித்திருக்கிறேன். நிதானமான ஆள் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அது கியர் விழுவதற்காகக் காத்திருந்ததா?

மறுநாள் மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு மெக்கானிக் பாலு அண்ணனிடம் போனோம். உன் வண்டியைக் கடைசி வரை பார்த்தவர் அவர்தான். ரஹ்மத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

பிறகு நான் கேட்டேன். "கியர்பாக்ஸ்ல என்ன ஆயில் இருக்குண்ணே?"

"நூத்திநாப்பது நம்பர். லாரியோட பின் அச்சுக் கிரவுனுக்கு ஊத்துற கெட்டி ஆயில். ஜாகிர் தம்பிதான் அதை ஊத்தச் சொன்னாப்ல."

"எதுக்கு?"

"வண்டி ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. உள்ள பேரிங் தேஞ்சுபோச்சு. கியர்பாக்ஸ எறக்கணும்னு சொன்னேன். இப்ப நிறுத்த முடியாதுண்ணே, சத்தம் மட்டும் வெளிய கேக்காமப் பண்ணிவிடுங்கன்னாப்ல. கெட்டி ஆயில் ஊத்துனா சத்தம் அமுங்கிரும். ஊர்ல எல்லாரும் பண்றதுதான்."

"கியர் விழுகாதே?"

"காலையில கொஞ்சம் முறுக்கும். அவரு கைக்குப் பழகிருச்சு." பாலு அண்ணன் தலையைச் சொறிந்தார். "சத்தம் கேட்டாத் தறிக்காரங்க சரக்கேத்த யோசிப்பாங்கன்னு நெனச்சிருப்பாப்ல."

நான் ரஹ்மத்தைப் பார்த்தேன். அவள் வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்ள, இந்த இடத்தில் கடிதத்தை நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன். திரும்பி வந்து எழுதுகிறேன்.

கடைசி வாரம் நீ நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாய். "என்னடா" என்றேன். "வாயு" என்றாய். "ஓமத்தண்ணி குடிச்சேன், சரியாப் போச்சு." சரியாகப் போகவில்லை என்று உனக்குத் தெரிந்திருந்ததா? உள்ளே ஏதோ ஊளையிட்டிருக்கும். உனக்கு மட்டும் கேட்டிருக்கும். எங்களுக்குக் கேட்காமல் இருக்க நீ அதன்மேல் எதை ஊற்றினாய்?

கோபத்தில் கேட்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் எப்படிப்பட்டவன் என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடைசி வரை தெரியாது போலிருக்கிறது. அவ்வளவுதான்.

சரி. ஆயிலுக்கு வருகிறேன்.

என்ன ஊற்றுவது என்பதில்தான் சண்டை. பாலு அண்ணன் பழசையே ஊற்றலாம் என்றார். வண்டிக்கு வயதாகிவிட்டது, வயதான வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும், சத்தமும் வராது. நான் வண்டியின் கையேட்டைத் தேடிப் படித்தேன். அதில் எண்பது-தொண்ணூறு என்று போட்டிருந்தது. குளிரில் எண்பது போல இளகி ஓடும், சூட்டில் தொண்ணூறு போல நிற்கும். ஓடும் இரண்டு பல்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவர உள்ளே ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. அது பிடித்தால்தான் கியர் விழும். கெட்டி ஆயில் காலைக் குளிரில் அந்த வளையத்தைப் பிடிக்கவிடாது.

"அதெல்லாம் செரிதான் சார்," என்றார் பாலு அண்ணன். "எண்பது-தொண்ணூறு ஊத்துனா கியர் விழும். ஊளைச் சத்தமும் வரும். ரெண்டுல ஒண்ணுதான். பேரிங்க மாத்துற வரைக்கும் ரெண்டும் சேந்து கெடைக்காது."

இரண்டில் ஒன்று. பேரிங் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கினால் பொங்கல் போய்விடும். பொங்கலோடு வண்டியும் போய்விடும். சத்தம் வந்தால் உன் அத்தா பயப்படுவார். கியர் விழாவிட்டால் செல்லூருக்குப் போகும் வைகைப் பாலத்தைத் தாண்டவே முடியாது.

ரஹ்மத் சொன்னாள், "கத்தட்டும்ணே. எனக்குக் கியர் விழணும்."

"தறிக்காரங்க மூஞ்சியச் சுளிப்பாங்க தங்கச்சி."

"அவுங்க வாசலுக்கு நான் போய்ச் சேந்தாத்தானண்ணே சுளிப்பாங்க?"

பாலு அண்ணன் எங்களை ஆயில் கடைக்குப் போகச் சொன்னார்.

கடையில் வேறொரு கூத்து. ஒரே எண்பது-தொண்ணூறிலேயே நாலாம் தரம், ஐந்தாம் தரம் என்று இரண்டு டப்பா. நாலு வேண்டும் என்றேன். கடைக்காரர் ஐந்தை எடுத்து வைத்தார்.

"அஞ்சு நாலவிடப் பெருசு சார்."

"பெருசுதான். பழைய கியர்பாக்ஸ்ல பித்தளை இருக்கு. அஞ்சுல கலக்குற மருந்து சிலதுல பித்தளையத் தின்னுரும்," என்றேன்.

"நாலு சரக்கு குடோன்ல கெடக்கும். தேடணும். எல்லாரும் அஞ்சுதான் கேக்குறாங்க."

"தேடுங்க பாய்," என்றாள் ரஹ்மத். "நாங்க நிக்கிறோம். பெருசெல்லாம் நல்லதுன்னா ஊர்ல அம்புட்டு வண்டியும் லாரியாத்தான இருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே குடோனுக்குப் போனார். தூசி படிந்த டப்பாக்களோடு வந்தார். ரஹ்மத் முந்தானையால் ஒன்றைத் துடைத்து நம்பரைத் தானே படித்துப் பார்த்துக்கொண்டாள்.

ஆயிலை மாற்றுமுன் வண்டி சூடாக வேண்டும். அப்போதுதான் பழசு முழுசாக இறங்கும். திருமங்கலம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். அவள்தான் ஓட்டினாள். உச்சி வெயில். இரண்டாவது கியர் தொந்தரவில்லாமல் விழுந்தது. ரோட்டோரம் கரும்புக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டை மட்டும் பார்த்தாள். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதுவே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

பாலு அண்ணன் வண்டிக்கடியில் சறுக்கிப் போனார். கியர்பாக்ஸில் இரண்டு நட்டு. கீழே இருப்பது வடிப்பதற்கு. பக்கவாட்டில் மேலே இருப்பது ஊற்றுவதற்கு. முதலில் மேல் நட்டைக் கழற்றிப் பார்த்தார். கீழ் நட்டைத் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் நட்டு கழலவில்லை என்றால் வண்டி வெறும் வயிற்றோடு நிற்கும். மேல் நட்டு கொஞ்சம் அடம்பிடித்தது. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் கழற்றினார்.

பிறகு கீழ் நட்டு.

கறுப்பாக வந்தது. தண்ணீர்போல் விழவில்லை. பாகு போல ஒரு கயிறாக இறங்கி, சட்டிக்குள் தன்மேல் தானே மடிந்து மடிந்து படிந்தது. அழுகிய முட்டையும் பூண்டும் கலந்த ஒரு நெடி. சூட்டிலேயே இப்படி என்றால் காலையில் எப்படி இருந்திருக்கும்.

ரஹ்மத் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு விரலைச் சட்டியில் தொட்டாள். வெயிலில் நீட்டிப் பார்த்தாள். கறுப்புக்குள் பொன்னிறமாய்ப் பொடிப்பொடியாய் ஏதோ மின்னியது.

"பித்தளை," என்றார் பாலு அண்ணன், கீழேயிருந்து. "வளையம் கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சிருக்கு. பயப்படாதம்மா, இன்னும் இருக்கு."

அவள் விரலை உடனே துடைக்கவில்லை. கட்டைவிரலால் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கையில இம்புட்டு வலியோடயா இவரு தெனம் ஓட்டுனாரு," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

நட்டின் முனையிலிருந்த காந்தத்தில் இரும்புத்தூள் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. பாலு அண்ணன் அதைத் துடைத்து, கீழ் நட்டை முறுக்கி, பக்கத்துத் துளையில் குழாயைச் செருகிப் புது ஆயிலை ஊற்றினார். தேன் நிறம். ஊற்ற ஊற்ற இறங்கியது. துளையின் விளிம்பில் வழிந்ததும் நிறுத்தினார். அதுதான் அளவு. நிறைந்தால் தானே சொல்லிவிடும்.

பழைய ஆயிலை என்ன செய்வது என்று கேட்டார். சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கொத்தனார்கள் வந்து எடுத்துப் போவார்களாம்.

"எடுத்துக்கட்டும்," என்றாள் ரஹ்மத். அவள் எதையாவது பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்வாளோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

வண்டியைக் கிளப்பினாள். ஒன்று. இரண்டு. விழுந்தது. கூடவே வந்தது உன் ஊளை. மெலிதாகத் தொடங்கி, வேகம் கூடக்கூட ஏறி, மூன்றாவது கியரில் யாரோ மூக்கால் பாடுவதுபோல். நீ அமுக்கி வைத்திருந்த சத்தம். உன்னோடு அத்தனை நாள் அந்த வண்டியில் வந்தவன் நான். எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

இனி அந்தக் காலை.

நல்ல பனி. பள்ளிவாசல் குழாயில் கை வைத்தால் விறைத்தது. உன் அத்தா தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். நான் பின்னால், சரக்கு வைக்கும் இடத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன். ரஹ்மத் "பிஸ்மில்லா" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினாள். டீக்கடையில் எல்லாரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பார்த்தார்கள்.

ஒன்று.

இரண்டு.

விழுந்தது மாப்ள. அந்தக் குளிரில், இஞ்சின் சூடாகாதபோதே. டீக்கடையில் ஒருவர் "அரைச்சு முடிச்சிருச்சுடா" என்றது கேட்டது.

தெரு திரும்பியதும் ஊளை தொடங்கியது. உன் அத்தா கதவின் பிடியைப் பற்றிக்கொண்டார். பாலத்தில் ஏறினோம். செல்லூருக்குள் நுழைந்தோம். எதிரே ஒரு குட்டியானை மினிலாரி நூல் மூட்டைகளோடு வந்தது. ரஹ்மத் பின்னால் எடுத்து, ஒரு வீட்டுப் படிக்கட்டோடு ஒட்டி நிறுத்தி, வழிவிட்டாள். அந்த டிரைவர் கடந்து போகும்போது கண்ணாடி வழியே தலையாட்டினார். மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வண்டியின் சத்தம் கேட்கவில்லை.

இரண்டு பக்கமும் தறி. சந்து முழுக்கத் தடதடவென்று. பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேச வேண்டுமென்றால் காதில் கத்த வேண்டும். அங்கே எந்தத் தறிக்காரர் உன் பேரிங்கின் ஊளையைக் கேட்டிருக்கப்போகிறார்? பாலு அண்ணன் நினைத்தது தப்பு. நீ சரக்குக்காக அதை மறைக்கவில்லை. செல்லூரில் அதற்குக் காது கிடையாது. காது இருந்ததெல்லாம் எங்களுக்குத்தான். அந்த முன்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு. அத்தாவுக்கு. ரஹ்மத்துக்கு. எனக்கு.

நாங்கள் பயப்படக் கூடாது என்று.

பண்டல்களை ஏற்றினார்கள். லாரி ஆபீசில் இறக்கிவிட்டு, இரண்டை மட்டும் வீட்டுப் பக்கத்துக் கடைக்காக வைத்துக்கொண்டு திரும்பினோம். செல்லூர் முடிந்து பாலத்தின் அருகே வந்ததும் ஊளை மறுபடி கேட்டது.

"ஏம்மா, இந்தச் சத்தம் முன்னாடி இல்லையே," என்றார் உன் அத்தா.

"இருந்துச்சு மாமா. உங்க மகன் கெட்டி ஆயில ஊத்தி அமுக்கி வச்சிருந்தாங்க. நான்தான் மாத்தச் சொன்னேன்."

"எதுக்கு? அது பாட்டுக்கு அமுங்கிக் கெடந்திருக்கும்ல?"

"கியர் விழுகல மாமா. அதுபோக, உள்ள தேயுறது தேஞ்சுக்கிட்டுத்தான இருக்கும்? சத்தம் கேட்டா எப்பப் பாக்கணும்னாவது தெரியும்."

பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம். கீழே வைகையில் ஒரு ஓரமாகத் தண்ணீர் இருந்தது. நான் உன் அத்தாவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது உன் பின்கழுத்து.

"ரஹ்மத்து," என்றார். "மாடிப்படி ஏறுனா எனக்கு மூச்சு முட்டுதும்மா. கொஞ்ச நாளாவே இருக்கு. நீங்க பயந்துருவீங்கன்னு சொல்லல."

அவள் பிரேக் போடவில்லை. திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பாலம் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் இண்டிகேட்டரைப் போட்டாள். வேகம் குறைத்து, இரண்டாவது கியருக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரி ரோட்டில் திருப்பினாள்.

"இப்பவே எதுக்கும்மா? பண்டல் இருக்கே."

"பண்டல் மூச்சு விடுது மாமா. நீங்கதான் விட மாட்டேங்குறீங்க."

பயப்படாதே. நன்றாக இருக்கிறார். ரத்தக்கொதிப்பு ஏறியிருந்தது, இருதயம் கொஞ்சம் சிரமப்படுகிறது என்றார்கள். நாள் தள்ளாமல் வந்தது நல்லது என்றார் டாக்டர். மாத்திரை, உப்பில்லாத சோறு. உப்பைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் முகம் வாடியது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது திருமங்கலத்துக்காரர் போன் செய்தார். உன் அத்தா எடுத்தார். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"இல்லப்பா. விக்கிறதுக்கில்ல. எங்க வீட்டுப் புள்ள ஓட்டுது." கொஞ்சம் கேட்டுவிட்டு மறுபடி சொன்னார். "மருமக இல்லப்பா, புள்ளைன்னுதான் சொன்னேன்."

ரஹ்மத் மருந்துச்சீட்டோடு வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை. அது அவர்கள் இருவருக்கும் நடுவில்.

இப்போது தினமும் காலையில் வண்டி போகிறது. கோடை விடுமுறையில் கியர்பாக்ஸை இறக்கிப் பேரிங் மாற்றலாம் என்று பாலு அண்ணனிடம் அவளே பேசி வைத்திருக்கிறாள். அதுவரை கத்தும். தெருமுனையில் ஊளை கேட்டதும் ஆயிஷா புத்தகத்தை மூடிவிட்டு "அம்மா வந்துட்டாங்க" என்று ஓடுகிறாள். பேரிங்கை மாற்றிவிட்டால் எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்டாள். "ஹாரன் அடிக்கச் சொல்லுவோம்" என்றேன். யோசித்துவிட்டு, "சரி மாமா" என்றாள்.

உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை மாப்ள. எங்களை நிம்மதியாக உட்காரவைத்து ஓட்டியவன் நீ. ஆனால் இனி அந்த வழக்கம் நம் வீட்டில் வேண்டாம்.

ஒரு வாக்குத் தருகிறேன். எனக்கு எங்காவது வலித்தால் வாயு என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கே, அந்த நிமிஷமே ரஹ்மத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவேன். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

ரஹ்மத்துக்கு அண்ணன், ஆயிஷாவுக்கு மாமா,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
செல்வம்